நஷ்டஈடு யாருக்கு?

வணக்கம் ஐயா,
சுரங்கங்களால் ஊர்கள் அழிவதைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறீர்கள். ஆனால் இரும்பும் அலுமினியமும் பெட்ரோலும் இல்லாமல் யாரும் வாழவில்லை, நீங்களும்தான். எங்காவது தோண்டித்தானே ஆகவேண்டும்? பாதிக்கப்பட்டவர்களுக்குத்தான் நஷ்டஈடு தருகிறார்களே. என்னைப் போன்ற சாதாரணமானவன் இதில் என்ன செய்ய முடியும்?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு அக்கறை இருக்கிறது. இல்லாவிட்டால் அந்தக் கடைசிக் கேள்வி வந்திருக்காது. ‘நீங்களும்தான்’ என்பதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. செல்போன் வைத்திருப்பவன் வாயைத் திறக்கக் கூடாது என்றால் பேச ஆளே மிஞ்சாது.

ஆனால் ‘நஷ்டஈடு தருகிறார்களே’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! சில நாட்களாக என்னை அரித்துக்கொண்டிருப்பதே இதுதான். யாருக்குத் தருகிறார்கள்? பட்டா வைத்திருப்பவருக்கு. அதே நிலத்தில் நாற்று நட்ட பெண்ணின் பெயரும், புறம்போக்கில் ஆடு மேய்த்தவரின் பெயரும் எந்தக் காகிதத்தில் இருக்கிறது? நூறாண்டுக்கும் மேலாக 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித்தான் நம் நாட்டில் நிலத்தை எடுத்தார்கள். நிலமற்ற கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்று நிலம் கையகப்படுத்தும் சட்டம் ஒப்புக்கொள்ள 2013 ஆகிவிட்டது. அதற்குள் விரட்டப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று என்றாவது யோசித்தீர்களா?

பட்டா இருந்தாலும் கிணற்றுக்கு என்ன விலை போடுவீர்கள்? நைஜீரியாவின் ஒகோனி பகுதியை ஆராய்ந்து ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2011-இல் அறிக்கை வெளியிட்டது. எண்ணெய்க் குழாய்க்கு அருகிலிருந்த ஓர் ஊரில் மக்கள் குடித்துக்கொண்டிருந்த கிணற்று நீரில், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப்போல 900 மடங்குக்கு மேல் பென்சீன். புற்றுநோய் தரும் நஞ்சு அது. அந்தக் கிணறுகளுக்கு ஊறும் நிலத்தடி நீரின் மேல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. இதைக் காசு கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்கிறீர்களா?

தோண்டும் முன் கேட்க வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் விட்டுவிட வேண்டும். நடக்காத காரியமல்ல. ஒடிசாவின் நியமகிரி மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட் எடுப்பது பற்றிக் கிராமசபைகளைக் கேட்கும்படி 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் மாநில அரசு தேர்ந்தெடுத்தது பன்னிரண்டை மட்டும். நீதிபதி ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருக்க, அந்த மலையில் வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களும் அவர்களின் அண்டை ஊரார்களும் ஒவ்வோர் ஊராகப் பேசினார்கள். பன்னிரண்டும் மறுத்தன. அடுத்த ஆண்டு மத்திய அரசு அனுமதியை நிராகரித்தது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சுரங்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்ட அறிவிப்பு நாளிதழில் வந்தால் புரட்டிப் போய்விடாதீர்கள். திட்ட அறிக்கையை வாங்கி, பட்டா இல்லாத குடும்பங்களைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்துமூலம் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.