மெஷின் இல்லாமல் கப்புச்சினோ

கேள்வி: வீட்டில் எஸ்பிரசோ மெஷின் இல்லை. கப்புச்சினோ போட வழி உண்டா?
– வாசகி, நுவரெலியா

பதில்: தாராளமாகப் போடலாம். கப்புச்சினோ என்பது கடும் கோப்பி, சூடான பால், மேலே பால் நுரை, அவ்வளவுதான். எஸ்பிரசோ மெஷின் ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரண காற்றழுத்தத்தைப்போல் சுமார் ஒன்பது மடங்கில், கோப்பியை இறக்குகிறது, அதனால் கோப்பியின் மேல் படியும் பொன்னிற நுரைப்படலம் மெஷின் இல்லாமல் வீட்டில் வராது, ஆனால் கடும் கோப்பி கட்டாயம் வரும். மல்லி, சுக்கு கலக்காத தூள் 20 கிராமில் 100 மில்லிலீற்றர் கொதிநீர் ஊற்றி, மூடி, 4 நிமிடம் வைத்து வடித்தெடுங்கள். கொதித்த தண்ணீரை ஆறவிடச் சொல்வார்கள், உங்களுக்கு அது தேவையே இல்லை, ஏனென்றால் நுவரெலியா உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், கோப்பிக்கு அதுதான் நல்ல சூடு!

அப்புறம் பால். நுரையைத் தாங்குவது பாலிலுள்ள புரதம், அதனால் தண்ணிப் பால் வேண்டாம், பால்மா என்றால் கொஞ்சம் கெட்டியாகவே கரையுங்கள். குளிர்ந்த பாலை ஜாம் போத்தலில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, மூடி நன்றாகக் குலுக்கி, மூடியைக் கழற்றிவிட்டு, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து 60 பாகை வரை சூடாக்குங்கள். சூடான பாலை மூடிக் குலுக்கவே கூடாது, ஆவி மூடியைத் தள்ளிவிடும், கை வெந்துபோகும். பால் கொதித்தாலும் நுரை உடைந்துவிடும். கோப்பியின் மேல் முதலில் பாலை ஊற்றி, கடைசியாக நுரையைக் கரண்டியால் அள்ளிப் போடுங்கள். சீனியை நுரைக்கு முன்பே, கோப்பியில் கரைத்துவிடுங்கள்.