கேள்வி பதில்: கிரிப்பென் தரையில் புரண்ட நாள்

சோதனைப் பறப்பில் விழுந்த ஒரு போர் விமானத்தைப் பற்றிப் பேசலாம் என்றிருந்தேன். ஸ்வீடனின் சாப் நிறுவனம் செய்த கிரிப்பெனை எடுத்துக்கொண்டேன். 1989 பிப்ரவரி 2 அன்று லின்ஷோப்பிங்கில் அதன் முதல் மாதிரி விமானம் நொறுங்கியது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அன்று என்னதான் நடந்தது?

அந்த விமானம் முதன்முதலில் பறந்தது 1988 டிசம்பர் 9. விபத்து நடந்தது ஆறாவது பறப்பில். காற்று விட்டு விட்டு வீசிக்கொண்டிருந்தது. அன்று எடுத்த வீடியோ படத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஓடுபாதையை நெருங்கும்போது மூக்கு மேலே போகிறது, கீழே வருகிறது, மறுபடி மேலே. இறக்கைகளும் இருபுறமும் ஆடுகின்றன. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிது. கடைசியில் தரையில் மோதி, அப்படியே புரண்டு தலைகீழாகக் கிடக்கிறது. விமானி லார்ஸ் ரோடெஸ்ட்ரோம் முழங்கை முறிந்ததோடு தப்பினார். அந்தப் படத்தைப் பார்த்த யாரும் அவர் பிழைத்திருப்பார் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: "விமானி கிளப்பிய ஆட்டம்" என்றுதானே இதற்குப் பெயர்? அப்படியானால் விமானியின் தவறுதானே?

இல்லை. இதைச் சொல்லத்தான் இந்த விபத்தையே எடுத்தேன்.

ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலை நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களை நோக்கி வரும்போது கையை நீட்டித் தடுத்தால் ஆட்டம் குறையும். அதே கை கொஞ்சம் தாமதமாகப் போனால்? ஊஞ்சல் திரும்பிப் போகும் நேரத்தில் பின்னாலிருந்து தள்ளிவிடும். நிறுத்தப் போன கையே ஆட்டிவிடுகிறது.

கிரிப்பெனில் விமானி ஸ்டிக்கை, அதாவது கையால் பிடித்து ஓட்டும் கோலை, அசைத்தால் அது நேராக இறக்கைக்குப் போவதில்லை. நடுவில் கணினி இருக்கிறது. விமானம் தன்னால் நிலையாகப் பறக்காது. வேண்டுமென்றேதான் அப்படி வடிவமைத்தார்கள், சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக. அதனால் கணினியும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. விமானத்தைத் திருப்ப அசையும் இறக்கையின் மடல்களைத் தள்ளும் கருவிகள் (ஆக்சுவேட்டர்கள்) ஒரு வேகத்துக்கு மேல் நகர முடியாது. விமானியும் கணினியும் சேர்ந்து அதற்கும் மேல் வேகம் கேட்டால் மடல் பின்தங்கிவிடும். கை சொன்னது விமானத்தில் தெரிவதற்குள் நேரம் மாறிவிடும். அவர் செய்ததெல்லாம் சரியான பக்கம் இழுத்ததுதான். அது தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பெயர் என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. உயிரைப் பணயம் வைத்தவர் மீதே பழியைப் போடும் சொல் அது. 1997-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் அறிக்கை "விமானம்-விமானி பிணைப்பு" என்ற சொல்லை எடுத்துக்கொண்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

கேள்வி: சிமுலேட்டரில் இது முன்பே தெரிந்திருக்காதா?

அறைக்குள் உட்கார்ந்து ஓட்டும்போது கை இலேசாக இருக்கும். நிஜத் தரை எழும்பி வரும்போது அதே கை இறுகும், அசைவு பெரிதாகும். சிக்கல் அப்போதுதான் வெளியே வரும். அதனால்தான் விபத்துக்குப் பிறகு சாப் அமெரிக்காவின் கால்ஸ்பான் நிறுவனத்திடம் போனது. அவர்களிடம் வேறொரு விமானத்தைப் போலவே நடந்துகொள்ளும்படி மாற்றியமைத்த ஒரு டி-33 ஜெட் இருந்தது. திருத்திய மென்பொருளை அதில் பறந்து பார்த்தார்கள். கிரிப்பென் மறுபடி பறந்தது 1990 மே மாதம், ஏறக்குறைய 15 மாதம் கழித்து.

கேள்வி: அதோடு தீர்ந்ததா?

தீரவில்லை. 1993 ஆகஸ்ட் 8, ஸ்டாக்ஹோம் நீர் விழா. கூட்டத்துக்கு மேலே சாகசம் காட்டிய கிரிப்பென் கட்டுப்பாட்டை இழந்தது. உள்ளே இருந்தவர் அதே ரோடெஸ்ட்ரோம். இருக்கையோடு வெளியேறித் தப்பினார். விமானம் லாங்ஹோல்மென் தீவில் விழுந்தது. கீழே யாரும் இறக்கவில்லை. அந்தக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. இந்த முறையும் மடலின் வேக வரம்புதான். அப்புறம்தான், வரம்பைத் தொட்டாலும் தாமதம் கூடாமல் ஈடுகட்டும் முறையை மென்பொருளில் சேர்த்தார்கள்.

கேள்வி: ஸ்வீடனில் மட்டும்தானா?

1992 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் ஒய்.எஃப்-22 என்ற மாதிரிப் போர் விமானம் இப்படியே ஆடி, சக்கரம் உள்ளே மடங்கிய நிலையில் வயிற்றால் மோதிச் சறுக்கிப் போனது. விமானி டாம் மோர்கன்ஃபெல்ட் பிழைத்தார்.

கேள்வி: நான் சூலூர்க்காரன். எங்கள் ஊர் வானில் தேஜஸ் பறக்கிறது. அதற்கும் இந்த ஆபத்து உண்டா?

தேஜஸும் தன்னால் நிலையாகப் பறக்காத, கணினி வழி ஓடும் விமானம்தான். ஆனால் அது கிரிப்பெனுக்குப் பின் வந்தது. முதல் பறப்பு 2001 ஜனவரி 4. அதற்கு முன்பே, 1990-களில், அதன் கட்டுப்பாட்டு விதிகளை, அதாவது கணினி எப்படித் திருத்த வேண்டும் என்று சொல்லும் மென்பொருளை, கால்ஸ்பானின் உதவியோடு அமெரிக்காவில் ஒரு எஃப்-16 போர் விமானத்தில் ஏற்றிப் பறந்து பார்த்திருந்தார்கள். அடுத்த முறை அது தரையிறங்கும்போது மூக்கைக் கவனியுங்கள், எவ்வளவு அசையாமல் வருகிறது என்று.