'பால் வரலை' என்றால் எது வரலை?

கேள்வி: ஐயா, மேலூர் பக்கம் இருக்கிறேன். பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் நெல் போடுகிற ஆள், மாடு வளர்ப்பது இதுதான் முதல் தடவை. வாடிப்பட்டிச் சந்தையில் சினையாக வாங்கிய ஜெர்சி கலப்பு, ரெண்டாம் ஈத்து, அதாவது ரெண்டாவது கன்று, போட்டு 40 நாள் ஆகிறது. காலையில் 6 லிட்டர், சாயந்திரம் 4 லிட்டர் கறந்தது. 25-ஆம் நாள் கன்று கழிச்சல் கண்டு செத்துவிட்டது. அதுவரை வீட்டுக்காரம்மாதான் கறந்தாள். அவளுக்குக் கைவலி என்று அதே வாரம் ஒரு கறவைக்காரரை வைத்தேன். இப்போது இரண்டு வேளையும் சேர்த்து 5 லிட்டர் தேறவில்லை. பால் சொசைட்டியில் ஃபேட்டும் (கொழுப்பு) 4 சதவீதத்திலிருந்து 3-க்கு இறங்கிவிட்டது. டாக்டருக்குப் போன் போட்டு 'பால் வரலை சார்' என்றால், 'சுரக்கலையா, இறக்கலையா, அடக்குதா, மறுத்துப்போச்சா?' என்று கேட்கிறார். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் படுகிறது. ஊசி போட்டால் உடனே இறங்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், போடலாமா? இன்னொன்று, சிரிக்காதீர்கள்: மகளுக்குப் பள்ளியில் பாலுக்கு வேறு சொற்கள் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள்.

பதில்: அண்ணே, டாக்டர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். உங்களிடம் ஒருவர் வந்து 'நெல் விளையலை' என்று மொட்டையாகச் சொன்னால் என்ன கேட்பீர்கள்? தூர் கட்டலையா, கதிர் வாங்கலையா, பால் பிடிக்கலையா, பதராப் போச்சா என்றுதானே? மாட்டுக்கும் அதே கதைதான். 'வரலை' என்கிற ஒரு சொல்லுக்குள் நாலைந்து கோளாறு ஒளிந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

'சுரக்கலை' என்றால் மடிக்குள் பாலே உற்பத்தி ஆகவில்லை என்று பொருள். கறப்பதற்கு முன்பே மடி தொளதொளவென்று இருக்கும். தீவனம் குறைவு, தண்ணீர் குறைவு, காய்ச்சல், சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று காரணம் தேட வேண்டும். ஒரு லிட்டர் பால் சுரக்க 400, 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓட வேண்டும் என்பது கணக்கு, அதனால் தண்ணீர்த் தொட்டி ஒரு நாள் காய்ந்தாலும் பாலில் தெரிந்துவிடும். 'மறுத்துப்போச்சு', 'வத்திப்போச்சு' என்பது ஈத்து முடிகிற நேரத்தில் வருவது. கன்று போட்டுப் பத்து மாதம் வாக்கில் தானாக நிற்கும், இல்லை அடுத்த கன்றுக்கு 60 நாள் முன்பு நாமே வற்றவிட வேண்டும். உங்கள் மாடு 40 நாள் மாடு, இளங்கறவை, அந்தப் பேச்சே இல்லை. 'கறக்க முடியலை' என்பது காம்புத் துளையில் சிக்கல். மடி கல்லாக நிறைந்திருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் நூல் மாதிரிதான் வரும்.

மிச்சம் 'இறக்கலை', 'அடக்குது'. மடியில் பால் இருந்தும் மாடு கீழே விடாமல் வைத்துக்கொள்வதுதான் இது. உங்கள் மாட்டுக்கு இதுதான் என்று நினைக்கிறேன். முதலாவது, 40 நாளில் பால் ஏறிக்கொண்டு போக வேண்டிய நேரம், பாதியாகக் குறைகிற நேரம் இல்லை. ரெண்டாவது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஃபேட் விஷயம். சாதாரணமாகப் பால் குறைந்தால் ஃபேட் கொஞ்சம் ஏறும், உங்களுக்கு ரெண்டும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. முதலில் வருகிற பால் தண்ணியாகவும் கடைசியில் வருவது கெட்டியாகவும் இருக்கும். கொழுப்பு அந்தக் கடைசிப் பாலில்தான் அதிகம். சொசைட்டிக்குப் போவது முன்பால் மட்டும், கெட்டிப் பாலை மாடு மடிக்குள்ளேயே வைத்துக்கொண்டது. நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு: கறந்து முடித்த பிறகு மடி சுருங்கித் தொங்குகிறதா, இல்லை இன்னும் கனமாகவே இருக்கிறதா? கனமாக இருந்தால் என் கணிப்பு சரி.

இது ஏன் என்றால், மடியில் இருக்கும் பாலில் ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலே உள்ள அறையில் தயாராக நிற்கும். மீதி கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளில் இருக்கும். அவற்றைப் பிழிந்து கீழே தள்ளுவது ஆக்சிடோசின் என்கிற ஹார்மோன். கன்று முட்டினால், மடியைத் தடவினால், ஏன், தவிட்டு வாளிச் சத்தம் கேட்டால்கூட மூளையிலிருந்து அது கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் மடிக்கு வந்துவிடும். வேலை செய்வது 5 முதல் 7 நிமிடம்தான். மாடு பயந்தாலோ வலித்தாலோ அட்ரினலின் வந்து அதைத் தடுத்துவிடும். கன்று செத்தது, அதே வாரம் கை மாறியது, ரெண்டும் சேர்ந்துதான் உங்கள் மாட்டைக் கெடுத்திருக்கிறது.

அந்தக் கறவைக்காரர் எப்படிக் கறக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கறப்பது வேறு, உருவுவது வேறு. காம்பை முழுக்கையால் பிடித்து, மேலிருந்து ஒவ்வொரு விரலாக மடக்கி அழுத்துவதுதான் கறப்பது. ரெண்டு விரலால் இழுப்பது உருவுவது, அது ஒட்டக் கறக்கும்போது கடைசிச் சொட்டுக்கும் சின்னக் காம்புக்கும் மட்டும் போதும். கட்டைவிரலை உள்ளே மடக்கி அதன் கணுவால் நசுக்குகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. வேகமாகக் கறக்கலாம் என்று அப்படிச் செய்கிறார்கள், காம்பின் உட்புறம் புண்ணாகிவிடும், நானாக இருந்தால் அந்த ஆளை அன்றைக்கே நிறுத்திவிடுவேன்.

நாளைக் காலையிலிருந்து கைவலி தேவலையானால் வீட்டுக்காரம்மாவே கறக்கட்டும், முடியாவிட்டால் நீங்கள் பழகுங்கள். பால்மாறாமல், அதாவது சோம்பல்படாமல், தினமும் அதே நேரம், அதே ஆள், அதே இடம். நாயையும் புது ஆட்களையும் அண்டவிடாதீர்கள். அடர்தீவனத்தை முன்னால் வைத்துவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் மடியைக் கழுவித் துணியால் துடைத்து அரை நிமிடமாவது தடவிக்கொடுங்கள். காம்பு விடைத்தவுடன் தொடங்கி ஏழு நிமிடத்துக்குள் ஒட்டக் கறந்துவிடுங்கள். நடுவில் போன் வந்தாலும் எழுந்திருக்காதீர்கள். கறந்ததும் காம்புகளைப் போவிடோன் அயோடின் கரைசலில் முக்கிவிட்டு, பசுந்தீவனம் போட்டு அரை மணி நேரம் நிற்க வையுங்கள். காம்புத் துளை மூடும்வரை படுக்கக் கூடாது. இதைத் தள்ளிப்போடாதீர்கள், மடியில் தங்குகிற பால் மேற்கொண்டு சுரப்பதையே நிறுத்தும், இரண்டு மூன்று வாரம் இப்படியே போனால் 'அடக்குது' என்பது 'மறுத்துப்போச்சு' ஆகிவிடும்.

இன்னொரு விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் நாலு பீச்சு பாலைக் கறுப்புத் துணியில் விடுங்கள். திரி திரியாகவோ வெறும் தண்ணீர் மாதிரியோ வந்தால், ஒரு பக்கம் மடி சூடாக இருந்தால், அது மடிநோய், அன்றே டாக்டர் வர வேண்டும். சொசைட்டியில் 'பால் திரிஞ்சுபோச்சு' என்பது வேறு, பாத்திரம் அழுக்காக இருந்தாலும் பால் புளித்துத் திரியும். 'திரிந்து' போனதா, 'திரி' வருகிறதா என்று டாக்டரிடம் பிரித்துச் சொல்லுங்கள்.

ஊசி வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது அதே ஆக்சிடோசின்தான். ரெண்டு நாள் ஜோராக இறங்கும், பிறகு ஊசி இல்லாமல் மாடு விடாது. பால் இறங்க இப்படி மாட்டுக்குக் கெடுதலான ஊசி போடுவது 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். டாக்டரே நேரில் பார்த்து ஓரிரு நாள் போட்டால் அது அவர் பொறுப்பு. கன்றுத் தோலில் வைக்கோல் திணித்து முன்னால் நிறுத்துகிற பழைய வழக்கத்தையும் யாராவது சொல்வார்கள். கழிச்சலில் செத்த கன்றின் தோலைக் கொட்டகைக்குள் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்த ஈத்துக்கு ஒன்று: கன்று விழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள், எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள். சீம்பாலை வேலி தாண்டிப் பங்கு வைத்துவிட்டுக் கன்றுக்குக் கால் லிட்டர் காட்டுகிற வீடுகளில்தான் கழிச்சல் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மகளுக்கு: அமுது, கீரம், பயம் என்று எழுதட்டும், நிகண்டுச் சொற்கள்தான். சீம்பாலுக்குக் கடும்பு என்றும் பேர் உண்டு. வினைச்சொல் கேட்டால் கற, பீச்சு, சுர, சொரி, ஊட்டு. 'ஊட்டு' என்றால் தாய் பிள்ளைக்கு ஊட்டுவதுதானே என்று டீச்சர் சிவப்பு மையில் அடித்தால், 'கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்க் கன்று ஊட்டிவிட்டது' என்று நம் ஊரில் கன்று குடிப்பதைத்தான் சொல்வோம் என்று நோட்டில் கீழே எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.