மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் போதாதா, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு ஆதரவுக் குழு எதற்கு?

மாத்திரை எழுதிக் கொடுப்பது டாக்டர். சரி, அதை வீட்டில் யார் கண்ணிலும் படாமல் எங்கே வைப்பது, "தினமும் என்னம்மா மாத்திரை?" என்று மாமியார் கேட்டால் என்ன சொல்வது, இதையெல்லாம் அவரிடம் கேட்க நமக்கு வாய் வராது, அவருக்கும் நேரம் இருக்காது. நானும் பல வருடங்களாக எச்.ஐ.வி.யோடு இருப்பவள்தான். எனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது குழுவில் இருந்த பெண்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் வேளை தவறாமல் மருந்து எடுப்பவர், ஆனாலும் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, இறங்கவே இல்லை. "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு நொந்து போயிருந்தார். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரையோடு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார். அப்படி எடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு என்றால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்கலாம், வெறும் வயிற்றில் என்றால் சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் கழித்தோ டோலுடெக்ராவிர் எடுக்க வேண்டும். இதைச் சொன்னது அதே சிக்கலில் மாட்டி மீண்ட இன்னொரு அக்கா. அப்புறம்தான் இவர் டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றினார்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நமக்கு மற்ற பெண்களைவிட சுமார் 6 மடங்கு அதிகம் வர வாய்ப்புண்டு, அதனால் 25 வயதிலிருந்தே பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தனியாகப் போகச் சொன்னால் தள்ளிப்போடுவோம், நாலு பேர் சேர்ந்து கிளம்பினால் போய்விடுவோம். வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நிலைத்தால் உடலுறவு வழியாகத் தொற்றாது என்பதும் அப்படித்தான், எத்தனை பேர் சொன்னாலும், தொற்றில்லாத கணவரோடு வாழ்ந்து குழந்தையும் பெற்ற ஒருத்தி எதிரில் உட்கார்ந்து சொல்லும்போதுதான் மனசு நம்புகிறது.

எல்லாக் குழுவும் நல்ல குழு என்று சொல்ல மாட்டேன். கேட்காமல் போட்டோ எடுத்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு எங்கள் மூலிகையைச் சாப்பிடு என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். "புருஷனிடம் இன்றே சொல்லிவிடு" என்று அவசரப்படுத்தும் குழுவும் வேண்டாம், அடி விழக்கூடிய வீடா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நேரில் போக வழியில்லை என்றால், போனில் பேசும் குழு ஏதும் இருக்கிறதா என்று சிகிச்சை மையத்தில் உள்ள கவுன்சலரிடம் கேட்டுப் பாருங்கள். பேசப் பிடிக்காவிட்டால் கொஞ்ச நாள் சும்மா கேட்டுக்கொண்டே இருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.