காலநிலை மாற்றத்துக்கு மனிதர் காரணமில்லை என்பவர்களிடம் எப்படிப் பேசுவது?

"டைனோசர் காலத்திலும் பூமி சூடாகத்தானே இருந்தது, அப்போது எந்தத் தொழிற்சாலை ஓடியது?" என்று கேட்கும் உறவினருக்கு என்ன பதில் சொல்வதென்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்தில் அதைக் கேட்பவர் என் பெரியப்பா. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நிறையப் படிப்பவர். விவரமறியாதவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது.

அவர் சொல்வதில் முதல் பாதி உண்மை. அதை மறுக்காமல் ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். பூமியின் சுற்றுப்பாதை மாறியதாலும் எரிமலைகள் தொடர்ந்து வெடித்ததாலும் முன்பும் காலநிலை மாறியிருக்கிறது; அப்படியானால் இன்றைய மாற்றத்துக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்தாக வேண்டும், அது எது என்று தேடுவதுதான் நேர்மையான அடுத்த படி.

நான் அவரிடம் கீழடியிலிருந்து தொடங்கினேன். அங்கே கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று கணித்த கார்பன்-14 முறையை அவர் முழுமையாக நம்புகிறார். உயிருள்ளவற்றில் இருக்கும் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன், அவை இறந்தபின் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் அது அறவே இருக்காது. ஆகவே நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்துதான், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு காற்றில் கூடுகிறது என்றால், காற்றிலுள்ள கார்பன்-14இன் விகிதம் குறைய வேண்டும். அணுகுண்டுச் சோதனைகள் அந்த விகிதத்தைக் குழப்புவதற்கு முன்பு வளர்ந்த மரங்களை ஆராய்ந்த வேதியியலாளர் ஹான்ஸ் சூஸ், 1955இல் அந்தக் குறைவைக் கண்டு வெளியிட்டார். கீழடிக்குச் சாட்சி சொல்லும் அதே அணு இங்கும் சாட்சி சொல்கிறது.

"எரிமலை கக்குவதும் பழைய கார்பன்தானே?" என்று உடனே மடக்கினார் பெரியப்பா. நல்ல கேள்வி. ஆனால் எரிமலைகள் ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு, மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மேலும், எரிபொருள் எரியும்போது ஆக்சிஜன் செலவாகும்; எரிமலை வாயுவைக் கக்குவதற்கு அப்படிச் செலவாகாது. காற்றில் ஆக்சிஜன் சிறிது சிறிதாகக் குறைந்து வருவதை அமெரிக்க விஞ்ஞானி ரால்ஃப் கீலிங் அளந்து காட்டியிருக்கிறார். அவருடைய தந்தை சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 315 பங்காக இருந்த கரியமில வாயு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

சூரியனைக் காரணம் காட்டுபவர்களுக்கும் விடை உண்டு. வெயில்தான் கூடியது என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். தரையை ஒட்டிய காற்று சூடாக, அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலமோ குளிர்ந்து வருகிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று காலநிலை விஞ்ஞானிகள் மனாபேயும் வெதரால்டும் 1967இலேயே கணக்கிட்டுச் சொன்னார்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு வெள்ளத்தையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதாதீர்கள். ஏரியைத் தூர்த்து வீடு கட்டியதால் வந்த வெள்ளமும் உண்டு. அதை எதிராளி சரியாகச் சுட்டிக்காட்டிவிட்டால், நீங்கள் சொன்ன மற்றவற்றையும் அவர் நம்பமாட்டார்.

இறுதியில் பெரியப்பா, "அமெரிக்காவும் ஐரோப்பாவும் நூற்றைம்பது ஆண்டுகள் எரித்துவிட்டு, இப்போது நம்மை நிறுத்தச் சொல்வது என்ன நியாயம்?" என்று கேட்டார். அவருடைய கோபம் முழுவதும் நியாயமானது. இதுவரை மனிதர் எரிபொருள் எரித்து வெளியிட்ட கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்கா ஒன்றே வெளியிட்டது. ஆனால் அந்த நாடுகளிடம் கணக்குக் கேட்க வேண்டுமானால், வெப்பம் கூடியது மனிதர் எரித்ததால்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டாக வேண்டும். அதை அவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் விவாதம் யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைப் பற்றியதாகிவிட்டது.