அனுப்பினீர்களா, அனுப்பவில்லையா?

கேள்வி: கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். ‘பட்டியலை வெள்ளிக்கிழமையே அனுப்பியிருக்க வேண்டும், தவறிவிட்டது’ என்னும் பொருளில், மேலாளருக்கு ‘ஐ மஸ்ட் ஹேவ் சென்ட் த லிஸ்ட் ஆன் ஃப்ரைடே’ என்று மின்னஞ்சல் எழுதினேன். அவரோ, ‘வந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன்’ என்று பதில் எழுதிவிட்டார். என் வாக்கியத்தில் என்ன பிழை?
– வாசகி, ஈரோடு

பதில்: இலக்கணப்படி உங்கள் வாக்கியத்தில் பிழை இல்லை, நீங்கள் நினைத்த பொருளைத்தான் அது தரவில்லை. ‘வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்’ என்பதே அதன் பொருள் என்பதால், மேலாளர் தேடக் கிளம்பியதில் வியப்பில்லை.

குழப்பத்தின் வேர் தமிழில் இருக்கிறது. ‘வாசலில் செருப்பு கிடக்கிறது, அப்பா வந்திருக்க வேண்டும்’ என்கிறோம்; ‘ஆறு மணிக்கே அப்பா வந்திருக்க வேண்டும், இன்னும் காணோம்’ என்றும் சொல்கிறோம். முன்னது ஊகம், பின்னது நடக்காமல் போனது. ஒரே வினைவடிவம் இரண்டுக்கும் நமக்குப் போதுமானதாக இருக்க, ஆங்கிலமோ ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ்’ என்பதையும், செய்யத் தவறியதற்கு ‘ஷுட் ஹேவ்’ என்பதையும் தனித்தனியே வைத்திருக்கிறது. ஆகவே நீங்கள் எழுத வேண்டியது ‘ஐ ஷுட் ஹேவ் சென்ட்’ என்பதே. கட்டாயம் இருந்து, அதை நிறைவேற்றியும் விட்டீர்கள் என்றால், அதாவது ‘அனுப்ப வேண்டியிருந்தது, அனுப்பினேன்’ என்றால், ‘ஐ ஹேட் டு சென்ட்’ என்று எழுதுங்கள்; ‘அனுப்பியே ஆக வேண்டும் என்றார்’ என்பது போன்ற அயற்கூற்றில் தவிர, ‘மஸ்ட்’ அப்படியே நின்று கடந்தகாலக் கட்டாயத்தைக் காட்டுவதில்லை.

எதிர்மறையில் இன்னொரு நுட்பம் உண்டு. ‘அவர் வந்திருக்க வேண்டியதில்லை’ என்று, வந்தவரைப் பார்த்துச் சொல்வதானால் ‘நீடன்ட் ஹேவ் கம்’ என்பதே பொருந்தும். வந்தார், ஆனால் வந்தது தேவையற்றது என்பது அதில் உறுதியாகிவிடுகிறது. ‘டிட்ன்ட் நீட் டு கம்’ என்றால் தேவை இருக்கவில்லை என்பது மட்டுமே தெரியும். அவர் வந்தாரா இல்லையா என்பது தெரியாது.

கேள்வி: ‘நேற்று தட்கலில் டிக்கெட் எடுக்க முடிந்தது’ என்பதை ‘ஐ குட் கெட் எ டிக்கெட் எஸ்டர்டே’ என்று எழுதலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: எழுதக் கூடாது. சிறுவயதில் நீந்த முடிந்தது என்பது போன்ற பொதுவான திறமைக்கு ‘குட்’ பொருந்தும். ஒரு குறிப்பிட்ட நாளில் முயன்று முடித்த காரியத்துக்கு ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’ என்பதே முறை. டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் மட்டும் ‘குடன்ட் கெட்’ என்று தயங்காமல் எழுதலாம். ‘குட் ஹேவ் காட்’ என்றாலோ, எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை என்று பொருள்படக்கூடும். இவ்வடிவங்களில் ‘ஹேவ்’ ஒருபோதும் ‘ஹேஸ்’ ஆகாது. அதையடுத்து ‘வென்ட்’ வராது, ‘கான்’ என்பதே வரும். பேச்சில் ‘குட் ஆஃப்’ என்று காதில் விழுவதை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் பலர் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அதைப் பின்பற்ற வேண்டாம்.