விமானப் பராமரிப்பு படிக்க நினைக்கும் மகன்: திருமங்கலத்து அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ப்ளஸ் டூ முடித்த தம்பி, விமானப் பராமரிப்புதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அகமதாபாத் ஏர் இந்தியா விமான விபத்துக்குப் பிறகு டி.வி.யில் கோளாறான பாகம், கட்டாயச் சோதனை என்று மாறிமாறிச் செய்தி வர, உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. "நாளைக்கு ஒன்று என்றால் கையெழுத்துப் போட்டவன் என்று என் பிள்ளையைத்தானே பிடிப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டணம் பல லட்சம் என்பது உங்களுடைய இரண்டாவது கவலை. எனக்கு அந்த இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

ஒரு விமானம் பல ஆண்டுகளாகப் பறந்துகொண்டிருக்கும்போது, அதன் ஏதோ ஒரு பாகத்தில் ஆபத்தான குறை இருப்பது வெளியே தெரியவரும். உடனே, அந்த விமானத்துக்கோ இன்ஜினுக்கோ சான்று கொடுத்த நாட்டின் ஆணையம் ஓர் உத்தரவு போடும். அமெரிக்காவில் அது எஃப்.ஏ.ஏ., ஐரோப்பாவில் ஈஸா. நம் நாட்டு விமானத்துறை ஆணையமான டி.ஜி.சி.ஏ. அதை இங்கே பறக்கும் விமானங்களுக்கும் கட்டாயமாக்கும். விமானங்களைப் பராமரிக்கும் கொட்டகையான ஹேங்கரில் அதை எல்லோரும் 'ஏ.டி.' (ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ்) என்பார்கள். எந்தப் பார்ட் நம்பர், எந்த சீரியல் நம்பர், இத்தனை மணி நேரம் பறப்பதற்குள்ளா, இத்தனை முறை ஏறி இறங்குவதற்குள்ளா, இந்தத் தேதிக்குள்ளா, என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். கெடு தாண்டினால் அந்த விமானம் பறக்கத் தகுதியில்லாதது. அலங்காநல்லூரில் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று கொடுக்காத காளை வாடிவாசல் பக்கமே போக முடியாதில்லையா, அப்படித்தான்.

செய்திகளில் பலர் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. எல்லா எச்சரிக்கையும் கட்டாயம் கிடையாது. போயிங் விமானங்களின் எரிபொருள் சுவிட்சில் இருக்கும் பூட்டு அமைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எஃப்.ஏ.ஏ. 2018 டிசம்பரிலேயே ஒரு தகவல் அறிக்கை விட்டது. அது வெறும் ஆலோசனை என்பதால் ஏர் இந்தியா அந்தச் சோதனையைச் செய்யவில்லை என்று, 2025 ஜூலையில் வந்த விபத்து விசாரணையின் முதல்கட்ட அறிக்கை பதிவு செய்தது. விபத்துக்கு அதுதான் காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் வேறு மாதிரி ஓடியது. ஆனால் ஜூலை 14 அன்று டி.ஜி.சி.ஏ. அதையே கட்டாயமாக்கி, 21ஆம் தேதிக்குள் முடிக்கச் சொன்னது. அந்த ஒரு வாரம் நாடு முழுக்க காக்பிட்டுக்குள் குனிந்து சுவிட்ச் சுவிட்சாகத் தொட்டுப் பார்த்தவர்கள், உங்கள் மகன் படிக்க ஆசைப்படும் படிப்பைப் படித்தவர்கள்தான்.

இப்போது கையெழுத்து விஷயம்.

2018 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று பறந்துகொண்டிருந்தபோது, இடது இன்ஜினின் முன்பக்க விசிறித் தகடு ஒன்று அடிவேரில் முறிந்தது. உடைந்து பறந்த துண்டுகளால் ஜன்னல் ஒன்று போய், ஒரு பயணி இறந்தார். அந்த இன்ஜினில் 24 விசிறித் தகடுகள். முறிந்தது ஒன்றே ஒன்று. உலோகம் களைத்து உண்டான விரிசல் அது. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் மயிரிழை மயிரிழையாக வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 2012இல் அந்தத் தகடுகளைக் கழற்றி முழுச் சோதனை செய்தபோதே விரிசல் இருந்திருக்க வேண்டும், சாயச் சோதனையில் அது அகப்படவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. விபத்து நடந்த மூன்றாம் நாளே எஃப்.ஏ.ஏ. அவசர ஏ.டி. போட்டது. 30,000 முறைக்கு மேல் ஏறி இறங்கிய அந்த ரக இன்ஜின்களின் தகடுகள் எல்லாவற்றையும் 20 நாளைக்குள் அல்ட்ராசோனிக் முறையில் பார்த்தாக வேண்டும் என்றது.

சாயச் சோதனை என்றால் என்ன என்று கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். பாகத்தை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கழுவி, ஒளிரும் சாயத்தைப் பூசி, விரிசலுக்குள் இறங்குவதற்கு நேரம் விட்டு, மேலே இருப்பதை மட்டும் அலசி எடுத்து, காயவைத்து, வெள்ளைப் பொடியைத் தூவுவார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் பொடிக்கு ஊறி வெளியே வரும். இருட்டறையில் புறஊதா விளக்கைப் பிடித்தால் பச்சை கலந்த மஞ்சளில் ஒரு கோடு. சோதிப்பவர் உள்ளே போனதும் வேலையைத் தொடங்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழகும் வரை சும்மா உட்கார வேண்டும். வெயிலில் கறுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கக் கூடாது. அதிகமாக அலசினால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் போய்விடும், குறைவாக அலசினால் பாகம் முழுக்கப் பளபளக்கும். இதில் வீரம் எதுவும் இல்லை. ஒரே மாதிரித் தகடுகள், ஒரே மாதிரி நாள். இருபத்துமூன்று தகட்டில் ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு, இருபத்துநான்காவதையும் முதல் தகட்டைப் பார்த்த அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

ஒரு பாகம் தயாரிப்பிலேயே கெட்டிருந்தால் அதற்கு ஹேங்கர் இன்ஜினியர் பொறுப்பாக மாட்டார். 2023 ஜூலையில் பிராட் அண்ட் விட்னி நிறுவனம், 2015 கடைசியிலிருந்து 2021 வரை செய்த சில டர்பைன் தட்டுகளின் உலோகத்தூளில் மாசு கலந்திருக்கலாம் என்று தானே அறிவித்தது. ஏர்பஸ் ஏ320 நியோ விமானங்களில் இருக்கும் இன்ஜின் அது. உலகம் முழுக்க நூற்றுக்கணக்கில் இன்ஜின்களைக் கழற்றினார்கள். இங்கே இண்டிகோவின் விமானங்களும் டஜன் கணக்கில் தரையில் நின்றன. தொழிற்சாலையின் தவறை யாரும் பராமரிப்புக்காரர் தலையில் கட்டவில்லை. அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் வேறு. உத்தரவில் சொன்ன வேலையைச் சொன்ன முறையில் செய்தாரா, செய்ததை மட்டும் எழுதினாரா, பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் டி.ஜி.சி.ஏ. லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஒழுங்காக வேலை பார்த்தவருக்கு அந்தப் பதிவேடுதான் காவல். பயம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பயம் உள்ள பையன்தான் இந்த வேலைக்குச் சரி.

அதனால் நான் பையனிடம் கேட்பது மதிப்பெண்ணை அல்ல. "இன்னும் அரை மணியில் ஃப்ளைட் கிளம்பணும், போட்டு விடுப்பா" என்று மேலே இருக்கிறவர் தோளில் தட்டிச் சொல்லும்போது, "சார், இன்னும் முடியல" என்று இவனால் சொல்ல முடியுமா? நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி எனக்குப் பிடித்தது. வீட்டு மிக்சியைக் கழற்றி மாட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிஞ்சியதற்காக மறுபடி முழுதாகப் பிரித்தான் என்று. ஸ்க்ரூவை டப்பாவில் போட்டுவிட்டு மிக்சியை ஓட்டிப் பார்க்கும் பையன்கள்தான் அதிகம். 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் பக்கவாட்டில் கதவுக்கான இடத்தை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனதே, அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய நான்கு போல்ட்டுகளும் மாட்டப்படாமலேயே விமானம் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருந்தது.

இனி படிப்புக்கு வருவோம். இங்கேதான் நம் ஊர்ப் பெற்றோர் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் பி.இ. வேறு, ஏ.எம்.இ. என்கிற விமானப் பராமரிப்புப் படிப்பு வேறு. பி.இ. முடித்தால் பட்டம் கிடைக்கும். விமானத்தைப் பறக்க விடும் கையெழுத்து உரிமை அதோடு வராது. அந்த உரிமை டி.ஜி.சி.ஏ. கொடுக்கும் லைசென்ஸில்தான் இருக்கிறது. அதற்கு ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். தம்பி கம்ப்யூட்டர் கணித குரூப், அதனால் தடையில்லை. சி.ஏ.ஆர். 147 என்ற டி.ஜி.சி.ஏ. விதிப்படி ஒப்புதல் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் இரண்டு ஆண்டுப் படிப்பு, அதற்குமேல் ஓடும் விமானங்களில் இரண்டு ஆண்டு நேரடி அனுபவம், ஒவ்வொரு தாளிலும் 75 சதவீதம். 74 வாங்கினாலும் ஃபெயில்தான். லைசென்ஸில் பிரிவுகள் உண்டு: பி1 என்றால் இன்ஜினும் உடற்கூடும், பி2 என்றால் மின்னணுக் கருவிகள். கம்ப்யூட்டர் பிடித்த பையன் என்பதால் பி2வை ஒதுக்க வேண்டாம். 2025 நவம்பர் 28 அன்று ஏ320 குடும்ப விமானங்களின் ஒரு கணினியில் மென்பொருள் பிரச்சினை என்று ஈஸா அவசர உத்தரவு போட்டது. உலகம் முழுக்கச் சுமார் 6,000 விமானங்கள். ஸ்பேனரைத் தொடாமல் மென்பொருளை மாற்றியே பெரும்பாலான விமானங்களை ஓரிரு நாளில் பறக்க விட்டார்கள்.

புரோஷரில் இல்லாத விஷயம் அந்த இரண்டு ஆண்டு அனுபவம். தாள்களை எல்லாம் பாஸ் செய்துவிட்டு, எந்த ஹேங்கரில் நுழைவது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. லைசென்ஸ் வந்த பிறகும், குறிப்பிட்ட ரக விமானத்துக்குத் தனிப் பயிற்சி முடித்து அது லைசென்ஸில் ஏறினால்தான் அந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போட முடியும், நல்ல சம்பளமும் அப்போதுதான். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாறு ஆண்டு வீட்டுச் செலவில்தான் இருப்பான் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மதுரையில் பெரிய ஹேங்கர் கிடையாது. பெருங்குடிப் பக்கம் விமானம் இறங்குவதைப் பார்த்து வந்த ஆசை என்றாலும், வேலை ஓசூர், பெங்களூரு, ஹைதராபாத், டெல்லி என்றுதான் அமையும். ஆள் தேவை இருக்கிறது. 2023இல் மட்டும் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன; அவை வர வர, பார்க்க ஆளும் வேண்டும்.

நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று எழுதியிருக்கும் நிறுவனத்தை அந்த ஒரு வரிக்காகவே சந்தேகப்படுங்கள். ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் டி.ஜி.சி.ஏ. இணையதளத்திலேயே இருக்கிறது. பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதி வரை ஒப்புதல் என்று பாருங்கள். அங்கே நேரில் போய், "அனுபவத்துக்குப் பிள்ளைகளை எந்தப் பராமரிப்பு நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள், போன வருஷம் எத்தனை பேர் போனார்கள்?" என்று கேளுங்கள். பதில் வளைந்து நெளிந்து வந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். டி.ஜி.சி.ஏ. ஒப்புதல் உள்ள படிப்புக்கு வங்கிக் கல்விக்கடன் கேட்கலாம், வித்யாலட்சுமி என்ற கல்விக்கடன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நகையை அடகு வைப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் இடித்தால் இன்னொரு பாதை இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் கப்பலூரில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறார் என்பதால் அவருக்கு இது சட்டென்று புரியும். ப்ளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மெக்கானிக்கல் டிப்ளமோ, அதன்பின் என்.டி.டி. அதாவது பாகத்தை உடைக்காமல் சோதிக்கும் முறைகள்: மேலே சொன்ன சாயச் சோதனை, அல்ட்ராசோனிக், எக்ஸ்ரே. திருச்சியில் பெல் (BHEL) வளாகத்தில் இருக்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இதற்குப் பயிற்சி கொடுக்கிறது. இந்தச் சோதனைகளில் இரண்டாம் நிலையான லெவல் டூ சான்று இருந்தால் பாய்லர், பைப்லைன், மின் நிலையம் என்று பல இடத்தில் வேலை. விமானத்துறைக்கு மட்டும் அந்தச் சான்று நேராகச் செல்லாது. சேரும் நிறுவனம் தன் தரப்படி மறுபடி பயிற்சி கொடுத்துத் தேர்வு வைக்கும். ஆனாலும் கடனில்லாமல் அதே வேலையின் வாசலுக்குப் போகலாம். உங்கள் நிலையில் நானாக இருந்தால் இரண்டு பாதையையும் எதிரெதிரே எழுதிவைத்து, தம்பியையே கணக்குப் போடச் சொல்வேன்.

எதில் சேர்ப்பதற்கு முன்னாலும் அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறனையும் நிறங்களைப் பிரித்தறியும் திறனையும் சோதித்துவிடுங்கள். நிறக்குருடு இருப்பது பல பையன்களுக்குத் தெரியவே தெரியாது. ஒயரின் நிறமும் சாயக் கோட்டின் நிறமும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இந்த வேலையில் நிற்க முடியாது, லட்சங்களைக் கட்டிய பிறகு தெரிந்து பயனில்லை.

ஒரு வேலை தம்பிக்கு. எஃப்.ஏ.ஏ., ஈஸா தளங்களில் ஏ.டி.க்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏதாவது ஒன்றை எடுத்து, எந்தப் பாகம், யாருக்குப் பொருந்தும், எப்போதைக்குள், என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலம் கரடுமுரடாக இருக்கும், டிக்ஷனரியைப் பார்க்கட்டும். மூன்றாம் பத்தியில் கொட்டாவி விட்டால் அதுவும் எனக்கு ஒரு தகவல்தான்.

அந்தத் தாளோடும் கண் சோதனைச் சீட்டோடும், நீங்கள் பார்த்துவைத்திருக்கும் பயிற்சி நிறுவனம் தந்த ஒப்புதல் எண்ணோடும் அடுத்த சனிக்கிழமை மூன்று பேருமாக வாருங்கள். இடம் போய்விடும் என்று அவர்கள் தினமும் போன் பண்ணினாலும், அதுவரை முன்பணம் கட்ட வேண்டாம்.